வரைபடத்தில் நான் அடைத்த மடைகள்

“திராட்சைப் பந்தலுக்கடியில வளந்த புள்ள. நெல்லு வயலப் பத்தி இதுக்கு என்ன தெரியும்? இதுவா நம்ம வாய்க்காலுக்கு மேப்பு போடப் போகுது?”

பெருமாள்சாமி அண்ணன் இதை என்னிடம் சொல்லவில்லை. எனக்கு நன்றாகக் கேட்கும்படி எங்கள் தேனி கம்ப்யூட்டர் கடை முதலாளியிடம் சொன்னார். நான் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். காது மட்டும் சூடாகிவிட்டது. முதலாளி சிரித்துக்கொண்டே, “அண்ணே, கடையிலயே கெட்டிக்காரப் புள்ள அதுதான். நீங்க டீயக் குடிங்க, ஆறுது” என்றார்.

செல்வி, பரிதா, திங்கட்கிழமையிலிருந்து என் நாற்காலியில் நீங்கள் இருவரும் மாறி மாறி உட்காரப் போகிறீர்கள். கம்ப்யூட்டருக்கு நான் எழுதி வைத்த கட்டளைகளை, அந்த ஸ்கிரிப்ட்டுகளை, எப்படி ஓட்டுவது என்று தனி நோட்டில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இது அந்த நோட்டில் சேராத விஷயம். நாலு வருடம் வேலை பார்த்தவளெல்லாம் அனுபவம் எழுதுவதா என்று முதலாளி கேலி செய்தார். நாலு வருடத்தில் செய்த தப்பை வைத்து நாற்பது வருடத்துக்கு எழுதலாம் என்று சொல்லிவிட்டேன்.

பெருமாள்சாமி அண்ணன் சொன்னது உண்மை. எனக்கு ஓடைப்பட்டி. அப்பா திராட்சை கட்டும் கொட்டகையில் வேலை பார்த்தார். மரப்பெட்டி மேல் ஒரு தகரத் தட்டை வைத்து, சாயத்தில் தோய்த்த துணியால் ஒற்றி எடுப்பார். தட்டில் எழுத்து வெட்டிய இடத்தில் மட்டும் சாயம் இறங்கும். மற்ற இடத்தைத் தகரம் மறைத்துக்கொள்ளும். தட்டை எடுத்தால் பெட்டியில் தோட்டக்காரர் பெயர் இருக்கும். தான் எழுதுவது என்ன எழுத்து என்று தெரியாமலே ஆயிரக்கணக்கான பெட்டிகளில் பெயர் எழுதியவர் என் அப்பா.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் பள்ளி விட்டு நேராகக் கொட்டகைக்குப் போனேன். ஒரு வரிசைப் பெட்டி முழுக்க எழுத்து இடம் வலம் மாறிக் கிடந்தது. “அப்பா, எழுத்தெல்லாம் திரும்பியிருக்கு” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். “தட்டுல எது மேல்பக்கம்னு காட்டு ஆத்தா” என்றார். காட்டினேன். அந்தப் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தார். அதற்குப் பிறகு அவர் தட்டைத் திருப்பி வைத்ததே இல்லை.

பிறகு தேனியில் கம்ப்யூட்டர் வகுப்பில் மாஸ்க் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தபோது, வெள்ளை இருக்கும் இடத்தில் பேட்டர்ன், அதாவது நாம் கொடுக்கும் கோலம், இறங்கும், கறுப்பு இருக்கும் இடத்தில் இறங்காது என்றார்கள். மற்றவர்கள் குழம்பினார்கள். எனக்கு அது அப்பாவின் தகரத் தட்டு. அன்றைக்கே பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் முதலில் எழுத்து படித்தவள் நான்; வகுப்பிலும் முதலில் புரிந்துகொண்டவள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, இப்போதும் உண்டு. இந்தக் கதையில் வரும் தப்புக்கும் அந்தப் பெருமைதான் காரணம்.

வேலை இதுதான். அனுமந்தன்பட்டிப் பக்கம் ஒரு வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் எல்லாம் சேர்ந்த சங்கம். அவர்களிடம் துணி ஒட்டிய தாளில் மசியால் கையால் வரைந்த ஒரு பழைய வரைபடம் இருந்தது. ஒவ்வொரு வயலும் அதன் எண்ணும் அதில் உண்டு. எந்த வயலுக்கு எந்த முறையில், அதாவது எத்தனையாவது சுற்றில், தண்ணீர் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். மாறும்போதெல்லாம் சண்டை. அதனால் முறைகளைக் காட்டும் புது வரைபடம் வேண்டும், உறுப்பினர் எல்லாருக்கும் ஒரு நகல் வேண்டும் என்று சங்கச் செயலாளர் ராவுத்தர் எங்கள் கடைக்கு வந்தார். துணைக்கு வந்தவர்தான் பெருமாள்சாமி அண்ணன்.

நகல் எல்லாம் ஜெராக்ஸ். முறைக்கு ஒரு வண்ணம் கொடுத்தால் ஜெராக்ஸில் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். அதனால் வண்ணம் வேண்டாம், முதல் முறைக்குச் சாய்கோடு, இரண்டாம் முறைக்குப் புள்ளி, மூன்றாம் முறைக்குக் கட்டம் என்று பேட்டர்ன் வைக்கலாம் என்றேன். ராவுத்தர் உடனே, “நல்ல யோசனைம்மா, கண்ணு மங்கினவுகளுக்கும் தெரியும்” என்றார். பெருமாள்சாமி அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

நான் போட்ட திட்டம் எளிது. வரைபடத்தை ஸ்கேன் செய்வது. ஒவ்வொரு வயலுக்குள்ளும் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்வது. அந்தப் புள்ளியிலிருந்து நாலு பக்கமும் வரப்புக் கோடு தடுக்கும்வரை வெள்ளை பரவும். அதுதான் அந்த வயலின் மாஸ்க். அதன் வழியே அந்த வயலின் முறைக்கு உரிய பேட்டர்னை இறக்குவது. வயல் எண்ணையும் முறையையும் ஒரு பட்டியலில் எழுதிவிட்டால் மீதியை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். அடுத்த பருவத்தில் பட்டியலை மட்டும் மாற்றினால் போதும்.

முதல் தடவை ஓட்டினேன். சாய்கோடு இருக்க வேண்டிய வயலில் புள்ளியும் சேர்ந்து இருந்தது. கட்டம் மூன்று வயலைத் தாண்டிப் பரவியிருந்தது. கிட்டப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரப்புக் கோடுகளில் அங்கங்கே சின்னச் சின்ன இடைவெளி. ஒரு நெல் நீளம்கூட இருக்காது. அது வழியாக வெள்ளை ஒழுகி அடுத்த வயலுக்குப் போயிருந்தது.

பழைய தாள், மசி விட்டுப்போயிருக்கும் என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு இடைவெளியையும் கோடு போட்டு அடைத்தேன். கோடு எல்லாம் அழகாக முழுசாகிவிட்டது. சேமித்தேன். ஸ்கேன் செய்த கோப்பின் மேலேயே சேமித்தேன். மறுபடி ஓட்டினேன். ஒவ்வொரு வயலும் தன் பேட்டர்னோடு சுத்தமாக நின்றது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

ராவுத்தர் வந்து பட்டியலை வைத்து முறைகளை மட்டும் சரிபார்த்தார். ஒன்றுகூடத் தப்பில்லை. பழைய வரைபடத்தையும் பெரிய பிரிண்டையும் நகல்களையும் வாங்கிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லாரும் கையெழுத்து போடுவார்கள், அதற்குப் பிறகு புதுசுதான் செல்லும், பழசை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள்.

சனிக்கிழமை மதியம் ஒரு அம்மா கடைக்குள் வந்தார். கையில் எங்கள் ஜெராக்ஸ் நகல், நாலாக மடித்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக என் மேசைக்கு வந்து அதை விரித்தார்.

“இத வரைஞ்சது யாரு?”

“நான்தாம்மா.”

“நான் பாண்டியம்மா. இந்தா இது என் வயலு.” விரலை வைத்தார். “என் மடை எங்கன?”

எனக்குப் புரியவில்லை. மடை என்றால் வாய்க்காலில் இருந்து வயலுக்குத் திறப்பது என்று தெரியும். அவர் வயல் வாய்க்காலை ஒட்டியே இல்லையே என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “எந்த ஊரு ஆத்தா நீ?”

“ஓடைப்பட்டி.”

“அதான். ஒங்க ஊருல தண்ணி குழாயில வரும். எங்களுக்கு வயலுக்கு வயலு பாஞ்சுதான் வரும். வாய்க்காலுலருந்து மேல்வயலு, மேல்வயலுலருந்து பெருமாள்சாமி வயலு, பெருமாள்சாமி வரப்புல ஒரு மடை, அது வழியா எனக்கு. பழைய மேப்புல வரப்புக் கோட்டுல வாய் விட்டு வரைஞ்சிருப்பாக. எங்க மாமனார் காலத்துலருந்து அதக் காட்டித்தான் தண்ணி வாங்குறோம். இதுல கோடு அடைச்சுக் கெடக்கு. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டா எனக்கு மடையே இல்லைன்னு ஆயிரும். நாத்து விட்டாச்சு. அடுத்த வாரம் நடவு. எதுல நடுறது?”

அவருக்கும் பெருமாள்சாமி அண்ணனுக்கும் ஏற்கெனவே இதில் தகராறு இருந்தது. தன் வயலில் உரம் போட்ட மறுநாளே தண்ணீர் அந்த மடை வழியாக இறங்கி உரத்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது என்பது அண்ணனின் குறை. அதிலும் நியாயம் உண்டு. அதனால் மடையே கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாயால் சொன்னதை நான் கோடாகப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பாண்டியம்மா போனதும் பழைய ஸ்கேனைத் தேடினேன். அதன் மேல்தான் சேமித்திருந்தேனே. பழைய தாளும் ராவுத்தரோடு போய்விட்டது; எந்த இடத்தில் அடைத்தேன் என்பதற்குக் கடையில் என் கண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை. இரண்டு நாளில் எத்தனை இடத்தில் அடைத்தேனோ! ஒரே ஒருவரிடம், “இந்தக் கோட்டுல ஏன் இடைவெளி விட்டிருக்கு?” என்று கேட்டிருந்தால் போதும். ராவுத்தரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் திராட்சைப் பந்தல் பிள்ளை என்று ஆகிவிடும் என்று கேட்கவில்லை. நம் மாதிரி வீட்டில் முதலில் படித்து வந்தவர்களுக்குத் தெரியாது என்று சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். “நம்மகிட்டக் கேட்டது முறை. முறை சரியா இருக்கு. ராவுத்தரும் பாத்துட்டாரு. மடைய அடுத்த பருவத்துல சத்தமில்லாம திருத்திக் குடுத்துருவோமே.”

“அடுத்த பருவத்துக்குள்ள அந்த அம்மா வயலு காஞ்சுரும்ணே.”

அவர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “சரி, போ. திட்டு விழுந்தா என் பங்கையும் சேர்த்து வாங்கிட்டு வந்துரு” என்றார்.

ஞாயிறு காலையில் நான் போய்ச் சேரும்போது கூட்டம் ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். சங்கக் கட்டடத்துச் சுவரில் என் வரைபடம் தொங்கியது. தூரத்திலிருந்து பார்த்தாலும் எது எந்த முறை என்று தெரிந்தது. அந்த நேரத்திலும் அது எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் பெருமாள்சாமி அண்ணன் நின்றிருந்தார். எதிரில் பாண்டியம்மா. ராவுத்தர் மேசையில், பேனா மூடியைக் கழற்றிக் கையில் வைத்தபடி.

“பழைய மேப்புல இருக்கது மடையில்ல, மசி உதுந்த இடம்னு நான் சொன்னா நம்ப மாட்டீக. இப்பக் கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. வரப்பு அடைப்பாத்தான் இருக்கு. மிசினுக்கு நானும் ஒண்ணுதான், பாண்டியம்மாவும் ஒண்ணுதான். அது பொய் சொல்லுமா?”

“மிசினு என்னைக்கு வந்து தண்ணி கட்டுச்சு?” என்றார் பாண்டியம்மா. சிலர் சிரித்தார்கள். ஆனால் பலர் தலையாட்டியது பெருமாள்சாமி அண்ணனுக்கு. கம்ப்யூட்டரில் வந்துவிட்டதே.

வாசலில் நின்றபடியே சொன்னேன்.

“கம்ப்யூட்டர் அடைக்கலண்ணே. நாந்தான் அடைச்சேன்.”

எல்லாரும் திரும்பினார்கள். முதல் வாக்கியம் வந்துவிட்டால் மற்றது தானாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கோட்டில் இடைவெளி இருந்ததையும், மசி விட்டுப்போனது என்று நான் நினைத்ததையும் சொன்னேன்.

“அது இருந்துட்டுப் போகுது, நீ எதுக்கு ஆத்தா அடைச்ச?” என்றார் பின்வரிசையில் இருந்த ஒருவர்.

“ஒரு வயலுக்குள்ள புள்ளி நிரப்புனா, அந்த இடைவெளி வழியா ஒழுகிப் பக்கத்து வயலுக்குப் போயிருச்சு.”

“அதுக்குத்தானே ஆத்தா மடை!”

கட்டடம் அதிரச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. பெருமாள்சாமி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

“நேத்து இந்தம்மா தேனிக்குப் போயி அழுதுருக்கு. அதான் இன்னைக்கு இது வந்து மாத்திப் பேசுது. அவளுக்கு மட்டும் மடைய வரைஞ்சு குடுக்க வந்திருக்கு.”

நியாயமான சந்தேகம். ஒரு வயலுக்கு மட்டும் திருத்தினால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும். நான் சுவரிடம் போனேன்.

“அவுகளுக்கு மட்டும் இல்லண்ணே, எல்லாருக்கும் அடைச்சிருக்கேன். இது ஒங்க வயலு. கீழ் வரப்பப் பாத்தீக. மேல் வரப்பப் பாருங்க.”

அவர் கிட்ட வந்து குனிந்தார். மேல்வயலுக்கும் அவர் வயலுக்கும் நடுவிலிருந்த கோட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரலால் தடவினார். மறுபடி ஒரு தடவை தடவினார். அது முழுக் கோடு. அவருக்கு எங்கிருந்தும் தண்ணீர் வர வழியில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து வந்து தங்கள் வயலைத் தேட ஆரம்பித்தார்கள். “எனக்கும் இல்ல.” “எனக்கும் அடைச்சுப் போட்டுருக்கு இந்தப் புள்ள.”

பெருமாள்சாமி அண்ணன் நிமிர்ந்தார். “ராவுத்தரே, அந்தப் பேனாவ மூடுங்க” என்றார்.

அன்று மதியமே வயலில் இறங்கினோம். பழைய வரைபடத்தின் நகலை ஓர் அட்டையில் வைத்துக்கொண்டு நானும் ராவுத்தரும் பாண்டியம்மாவும். தாளில் இருந்த இடைவெளி எல்லாம் மடை இல்லை. மடிப்பு விழுந்த இடத்தில் மசி உதிர்ந்ததும் உண்டு. எது எது என்று திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியாது. வரப்பில் நின்று பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் குடையோடு பெருமாள்சாமி அண்ணன். “விட்டா இதையும் மாத்தி எழுதிரும்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் நான் வரப்பில் சறுக்கியபோது குடையின் மறுமுனையை நீட்டியதும் அவர்தான். அவருடைய கீழ் வரப்புக்கு வந்தோம். தண்ணீர் ஓடி ஓடி வழுவழுப்பான ஒரு கல் அங்கே இருந்தது. மடை வாய் அதுதான். அவரே, “குறிச்சுக்க” என்றார். பிறகு பாண்டியம்மாவிடம், “உரம் போட்டா ரெண்டு நாளு அடைப்பேன். அப்ப வந்து சத்தம் போடக் கூடாது” என்றார்.

“முன்னாடியே சொன்னா நான் ஏன் சத்தம் போடுறேன்?”

“சொன்னாலும் போடுவ.”

“போடுவேன்தான்.”

கடைக்குத் திரும்பி, பழைய வரைபடத்தை மறுபடி ஸ்கேன் செய்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். இடைவெளியை அடைக்காமல் நிரப்ப முடியாது; அடைத்தால் மடை போய்விடும். அரை நாள் அதே யோசனை. அப்பாவின் தகரத் தட்டு ஞாபகம் வந்தது. தட்டு பெட்டியோடு போகாது. வேலை முடிந்ததும் கையில் எடுத்துவிடுவார். மாஸ்க்கும் அப்படித்தான். அதை யாரும் பார்க்கப் போவதில்லை. கோடுகளின் ஒரு நகலை எடுத்து, அதில் மட்டும் எல்லா இடைவெளியையும் அடைத்தேன். அதை வைத்து மாஸ்க் எடுத்துப் பேட்டர்ன்களை இறக்கினேன். கடைசியில், கை வைக்காத பழைய கோடுகளை மேலே வைத்தேன். மசி உதிர்ந்தது என்று நேரில் பார்த்த இடங்களை மட்டும் சேர்த்தேன். பேட்டர்ன் வரப்போடு நின்றது. மடை வாய் திறந்தபடி இருந்தது.

அடுத்த ஞாயிறு பாண்டியம்மா சுவரில் தன் வயலைத் தேடி, அந்தச் சின்ன இடைவெளியில் விரல் நுனியை வைத்தார். விரல் அதைவிடப் பெரிது. “இந்தா இருக்கு” என்றார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

பெருமாள்சாமி அண்ணன் இன்றுவரை என்னை விடவில்லை. தேனிக்கு வந்தால் கடைக்கு வராமல் போகமாட்டார். வாசலிலிருந்தே, “தண்ணி எங்கிட்டுப் போகும்னு கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிருக்கு, ஒனக்குத்தான் தெரியல” என்பார். முதலாளி டீ சொல்வார். நான் நாற்காலியை இழுத்துப் போடுவேன். அண்ணன் சொல்வது இந்தத் தடவையும் சரிதான். நிரப்பும்போது ஏதாவது ஒழுகினால் உடனே அடைக்கக் கை போகும். கையை எடுத்துவிட்டு, இது ஏன் இங்கே ஒழுகுகிறது என்று யாரிடமாவது கேளுங்கள். வந்த படத்தின் மேல் எப்போதும் சேமிக்காதீர்கள். இதை நோட்டிலும் எழுதியிருக்கிறேன், சிவப்பு மையில்.

போன மாதம் இன்னொரு வாய்க்கால்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். யார் அனுப்பியது என்று கேட்டேன். “பெருமாள்சாமிதான் சொன்னாரு. தப்புச் செஞ்சா தானே வந்து சொல்லிருமாம் அந்தப் புள்ள” என்றார்கள். அந்த வேலையோடு தனியாகத் தொடங்கலாம் என்று முதலாளியே சொன்னார். பழனிசெட்டிபட்டியில் ஓர் அறை பிடித்துவிட்டேன். அப்பா நேற்று முன்தினம் வந்து, பெயர்ப் பலகையை எது மேல்பக்கம் என்று என்னிடம் கேட்டுவிட்டு மாட்டினார்.

அந்த வாய்க்கால்காரர்களுடைய வரைபடம் சுருட்டியபடி மேசை மேல் இருக்கிறது. இன்னும் ஸ்கேன் செய்யவில்லை. நேற்று அந்த வாய்க்காலைத் தலைமடையிலிருந்து கடைசி வயல் வரை நடந்து பார்த்துவிட்டு வந்தேன்.